கைப்பிடியில் துண்டு

டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போட ஏறுகிறவர், கீழே ஸ்விட்சை இறக்கி, அதன் கைப்பிடியில் தன் துண்டைப் போட்டுவிட்டு ஏறுவது அந்தப் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். துண்டு கிடந்தால் ஒருவரும் கரண்டை விடமாட்டார்கள். அன்று மேலே ஏறியிருந்த மாரப்பனின் துண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போயிருந்தது. தண்ணீரில்லாமல் வாடும் மஞ்சள் பயிரைப் பார்த்து வெறுத்துப்போய் வந்த செங்கோடன், வெறும் கைப்பிடியைக் கண்டு மேலே தள்ளினான். மாரப்பனைப் பிணமாகத்தான் இறக்கினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் மாரப்பனின் மனைவி பாவாயி ஸ்விட்சை இறக்கி, அதே துண்டை முடிச்சுப்போட்டுக் கட்டினாள். சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் நின்றுபோயின. மஞ்சள் காய்ந்தது. அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை.

"அன்னைக்கு ஸ்விட்சப் போட்டவன் நீதானப்பா, நீயே போயி அவுத்துடு" என்று செங்கோடனைத்தான் அனுப்பினார்கள்.

அவன் முடிச்சில் கைவைத்தான். வரப்பில் உட்கார்ந்திருந்த பாவாயி நிதானமாகச் சொன்னாள்: "அவிய இன்னும் எறங்கலீங்கண்ணா."

செங்கோடன் அண்ணாந்து பார்க்கவில்லை. தளர்ந்த முடிச்சைத் திரும்ப இறுக்கினான்.