சின்ன விரல்

துறைமுக வாசலுக்கு வெளியே, நகராத வரிசையில் சிக்கிய லாரியின் கேபினில் டெல்பின் உட்கார்ந்திருக்கிறாள். நுழைவுச் சீட்டு எடுக்கும் செயலியை வடிவமைத்தவள் அவள்தான்; களத்தில் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். ஏசி அறையில், ஊசிமுனைப் பேனாவால் டேப்லெட்டில் வரைந்து பார்த்தது. இங்கே போன் திரையில் ஓட்டுநர் பாண்டித்துரையின் கட்டைவிரல் ‘உறுதி’, ‘ரத்து’ பட்டன்கள் இரண்டையும் ஒருசேர மூடிக்கொண்டு இறங்குகிறது. மூன்றாவது தடவையும் ரத்து. செயலியின் பட்டியலில் அவர் முறை மறுபடி கடைசிக்குப் போகிறது. கண்ணாடியில் படிந்த உப்புப் புழுதிக்குள் வெயில் மஞ்சளாக நிற்கிறது. முன்னும் பின்னும் கண்டெய்னர்கள். பக்கத்து லாரி உரசும் நெருக்கத்தில் நிற்பதால் அவள் பக்கக் கதவைத் திறக்கவும் வழியில்லை.

“காலையிலேருந்து இதே பாடுதான். ஒன் வெரலு சின்னது தாயி, நீயே அமுக்கு.”

அவள் அமுக்குகிறாள். திரை பச்சையாகிறது.

“ஒரு வாரத்துல பட்டனைப் பெருசாக்கிருவோம் அண்ணாச்சி.”

“அதுவரைக்கும் நீ இங்கனயே இருந்துக்கோ” என்கிறார் சிரிக்காமல். பிறகு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரல் கொடுக்கிறார்: “ஏலே, சின்ன வெரலுக்காரப் புள்ள ஒண்ணு இங்கன இருக்கு.”

பின்னாலிருந்து ஒரு ஹாரன், அதற்குப் பின்னால் இன்னொன்று. பக்கத்து லாரியிலிருந்து மசகு படிந்த கை ஒன்று நீள்கிறது. டெல்பின் பக்கக் கண்ணாடியை ஒரு போன் தட்டுகிறது.