ஒன்பதாவது எபிசோடில் திட்டு வாங்கியவர்

“காரை அழகிரிசாமி வீட்டுக்கு விடுங்க மேடம்,” என்றான் குருசாமி.

“ஏங்க, கடிச்சது சுருட்டை விரியன். என் கண்ணால பார்த்தேன். நேரா கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“மொதல்ல மந்திரிக்கணும். மத்ததெல்லாம் பொறவுதான்.”

காரை ஓட்டியவர் சுதாராணி. அவர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. பாம்புகளை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ‘ஊர்வன பறப்பன’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். இன்று காலை உளுந்தங்காட்டில் வானம்பாடியின் குரலைப் பதிவு செய்ய மைக்கோடு வந்திருந்தார். பதிவானது செல்வமாரியின் அலறல்.

செல்வமாரி பின் சீட்டில் சாய்ந்து கிடந்தாள். உளுந்துச் செடி பிடுங்கும்போது புறங்கையில் கடி. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. பல் பட்ட இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை.

“மேடம், எம்புள்ள பால்வாடில இருக்கு. அதை யாரு கூட்டியாருவா?”

சுதாராணி செல்வமாரியின் புருஷன் குருசாமியிடம் மறுபடியும் கெஞ்சினார்.

“எங்க அண்ணனையும் பாம்புதான் கடிச்சுது,” என்றான் குருசாமி. “மந்திரிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பொணமாத்தான் குடுத்தாவ.”

“கடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சுக் கொண்டு போனீங்க?”

“மறுநாளு.”

சுதாராணி மறுபடியும் கோவில்பட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

“ஒங்களுக்கு இஷ்டமில்லைன்னா எறக்கி விட்டுருங்க. நான் பைக்குல வச்சுக் கொண்டு போயிருதேன்.”

பைக்கில் போனால் இன்னும் நேரமாகும். சுதாராணி பல்லைக் கடித்துக்கொண்டு காரை அழகிரிசாமி ஊர்ப் பக்கம் திருப்பினார்.

அந்தப் பெயர் அவருக்குப் புதிதல்ல. பாட்காஸ்டின் ஒன்பதாவது எபிசோடில் பெயர், ஊர் எல்லாம் சொல்லிக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். ‘விரியனைவிட இந்த ஆளுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்’ என்று முடித்திருந்தார். அந்த எபிசோடைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். ஆளை மட்டும் அவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்காதவரைத் திட்டுவது எப்போதுமே சௌகரியம்.

தாடியும் உத்திராட்சமுமாக ஒருவரை எதிர்பார்த்தார். ஆட்டுக் கொட்டகையிலிருந்து வந்தவருக்கு சுதாராணியின் வயதுதான் இருக்கும். கைலியும் பனியனுமாக, கழுத்தில் இயர்போன் தொங்க வந்து நின்றார்.

“எப்பக் கடிச்சது?”

“இருபது நிமிஷம் ஆச்சு,” சுதாராணி வெடுக்கென்று சொன்னார். “ஒவ்வொரு நிமிஷமும் அவ உயிரு. சீக்கிரம் முடிங்க.”

அழகிரிசாமி அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாக வேப்பங்குழை ஒன்றை ஒடித்தார். திருநீற்றுப் பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“இந்தக் கடிக்கு இங்கன வச்சு மந்திரிச்சாப் பலிக்காது. அதுக்குன்னு ஒரு வாசல் இருக்கு. கோவில்பட்டி ரோட்டுல விடுங்க. எங்க நிறுத்தணும்னு நான் சொல்லுதேன்.”

“எந்தக் கோயில் வாசல்?”

கையமர்த்திவிட்டு அவர் வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார். குருசாமி பயபக்தியோடு கும்பிட்டுக்கொண்டான்.

சுதாராணி ஒரு முடிவுக்கு வந்தார். ரோடு எப்படியும் கோவில்பட்டி ரோடுதான். இந்த ஆள் எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தப் போவதில்லை. குருசாமி அடித்தாலும் சரி.

ரோட்டோரம் ஒரு சுடலைமாடன் பீடம் வந்தது. அழகிரிசாமி நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்து காளி கோயில். அங்கேயும் சொல்லவில்லை. ஒவ்வொரு கோயிலைத் தாண்டும்போதும் சுதாராணி அவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“மேடம்… வாயெல்லாம் உப்புக் கரிக்கு.”

கண்ணாடியில் பார்த்தார். செல்வமாரியின் பல்லெல்லாம் சிவப்பு. ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பயத்தில் கண்ணில் நீர் முட்டியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

கோவில்பட்டிக்குள் நுழைந்து இரண்டு திருப்பம் திரும்பியதும் அழகிரிசாமி கையை உயர்த்தினார்.

“இந்த வாசல்தான். நிறுத்துங்க.”

நிறுத்த மாட்டேன் என்று கத்துவதற்காக சுதாராணி நிமிர்ந்தார். எதிரே, ‘அரசு மருத்துவமனை – அவசரப் பிரிவு’ என்று எழுதியிருந்தது.

அழகிரிசாமி வேப்பங்குழையை செல்வமாரியின் தலையில் மூன்று சுற்றுச் சுற்றித் திருநீறு பூசினார்.

“மந்திரம் எறங்கிருச்சு. இனி உள்ள போயி ஊசி போட்டாத்தான் அது கட்டுப்பட்டு நிக்கும். ஏலே குருசாமி, புள்ளைய நடக்க விடாத, தூக்கு.”

குருசாமி உடனே மனைவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

வாசலில் நின்ற நர்ஸ் கேட்டார்: “வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு சுருட்டையா, கண்ணாடி விரியனா?”

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். விஷமுறிவு மருந்து ஏறுகிறது, நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள், பிழைத்துக்கொள்வாள் என்றார். சுதாராணி அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, ஒங்களைத் தெரியாமத் திட்டிட்டேன். அடுத்த எபிசோடுல நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன்.”

அழகிரிசாமி பதறிப் போனார்.

“ஆடு மேய்க்கையில ஒங்க பேச்சைத்தான் கேட்டுக்கிட்டுத் திரியுதேன். அந்த ஒம்பதாவதக் கேட்ட பொறவுதான் மந்திரத்தையே இந்த வாசலுக்கு மாத்தினேன். நல்லா இருப்பீங்க டீச்சர், என்னைத் திட்டுததை மட்டும் நிறுத்திராதீங்க. நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் சேக்குதவன்னு வெளிய தெரிஞ்சா, அடுத்துக் கடிபடுதவன் என்கிட்டயும் வர மாட்டான், இங்கனயும் வர மாட்டான்.”