துரையின் ரேடியோ

நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்று இப்போது ஹோட்டல் ஆகிவிட்டது. அதன் மேனேஜர் பிரதாப், கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளை ஹாலில் இருந்த மரப்பெட்டி ரேடியோவின் முன் நிறுத்தினான்.

"வெள்ளக்கார துரை தெனமும் பின்னேரம் இதுலதான் லண்டன் செய்தி கேப்பாரு. துரைசாணி பாட்டுப் போட்டு ஆடுவாங்க."

"அப்ப லயத்து வீடுகள்ல இருந்த தோட்டத் தொழிலாளிங்க என்ன கேட்டாங்க?" என்றாள் ஷாமிலா என்ற விருந்தாளிப் பெண்.

பிரதாப் உதட்டைச் சுழித்தான். "அவங்களுக்கு ரேடியோவ பத்தி என்ன தெரியும், மேடம்? காலையில தப்பு அடிக்கிற சத்தம் கேட்டா வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடுவாங்க. அவ்வளவுதான் அவங்க ரசனை."

ஷாமிலா ரேடியோவின் சுவர்ப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். பலகையில் சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்திருந்தன.

"துரை ஆயுத பூசையும் செஞ்சாரா?"

"அது... அவரு வைன் குடிக்கிறப்ப சிந்தினது, மேடம்."

"மஞ்சள் கலர்லயா?"

விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்கப் போனார்கள். பிரதாப் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தான்.

"அம்மா, ரேடியோவ நல்லா தொடச்சுக் குடுங்கன்னு சொன்னேன்ல? ஒரு பக்கம் பொட்டு அப்படியே இருக்கு. என் மானமே போச்சு!"

"நம்ம வீட்டு ரேடியோவுக்கு ஒங்கப்பா வருசா வருசம் வச்ச பொட்டுடா அது" என்றாள் அம்மா. "லயத்துல பொறந்தத நீ தொடச்சிட்டுத் திரியிற. ரேடியோவுக்கு அந்த வித்த தெரியல."