நாலாவது டாக்டர்

“காய்ச்சல் விட்டு ரெண்டு வாரத்துல பாதம் மரத்துப்போச்சு டாக்டர். கையில எடுத்த டம்ளர் தானா நழுவுது. பேசிட்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகுது.”

சொல்லச் சொல்ல அவளுக்கு எரிச்சல் பொங்கியது. எத்தனை பேரிடம்தான் ஒப்பிப்பது! இரண்டு டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்துக் கையை விரித்தார்கள். மூன்றாமவர் நரம்பியலில் பெரிய புள்ளி. “எல்லாம் மனசுதாம்மா” என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கணவனும், “சும்மா நடிக்காத” என்கிறான்.

வெள்ளைக் கோட்டு போட்ட இந்தச் சின்னப் பெண்ணோ குனிந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல் போறப்ப நரம்பத் தொட்டுட்டுப் போயிருக்கலாம்மா. இது பிரமை இல்ல. டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மணி அடித்தது. சின்னப் பெண் சட்டென்று எழுந்து அடுத்த அறைக்கு ஓடினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மார்க் போட்டுக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். அதே பெரிய புள்ளி! அவருக்கு அவளை அடையாளம்கூடத் தெரியவில்லை.

“பிரமாதம்மா! ஸ்டூடண்ட்ஸ் பரீட்சைக்கு நோயாளியா நடிக்க எத்தனையோ பேர் வர்றாங்க, உங்கள மாதிரி வராது. நானே நம்பிட்டேன்! ஆனா, உங்களுக்கு நடிக்கக் குடுத்தது ஒத்தைத் தலைவலிதானே?”