தங்கப் பல்லில் ஒரு பொட்டு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று காலையிலிருந்தே மலர்க்கொடி கையிலிருந்த சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் போகும்போது மகள் கார்குழலி அதை எழுதிக் கொடுத்திருந்தாள்.

"மெக்கானிக் வந்தா இதை அப்படியே சொல்லும்மா. எஸ்டி ரேம், நூத்தியிருபத்தெட்டு. கம்ப்யூட்டருக்கு மெமரி பத்தாம பாதியிலயே நின்னு பூடுது. நாளைக்குக் காலையில நூறு பக்கம் டைப் பண்ணிக் குடுக்கலன்னா இனிமே ஒருத்தனும் வேலை தர மாட்டான்."

மெக்கானிக் எழிலன் சீட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"சீட்டு வேணாங்க்கா. உள்ள கீற பீஸே சொல்லும்."

பெட்டியைத் திறந்தான். துறைமுகத்திலிருந்து பறந்து வந்து உள்ளே அப்பியிருந்த நிலக்கரித் தூசியை ஊதிவிட்டு, சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பட்டையை உருவினான். அடியில் வரிசையாகப் பொடிப் பற்கள், தங்க நிறத்தில்.

"இதாங்க்கா ரேமு. கீழ ரெண்டு வெட்டு கீது பாருங்க, இது பழைய மாடலு. இப்ப வர்றதுல ஒரே வெட்டு. இதுல உக்காராது. இதை எடுத்துனு போய்க் காட்டி, இதுக்கு ஜோடியா ஒண்ணு வாங்கியாறேன்."

"எழுதிக்கினு போயேன்பா. இதை எதுக்கு எடுத்துனு போற?"

"ரெண்டும் ஒத்துப் போவுதான்னு கடையில பக்கத்துல வெச்சுப் பாத்துத்தாங்க்கா வாங்கணும்."

"அது தங்கமா?"

"பூச்சுதாங்க்கா."

பூச்சோ பாளமோ, தங்கம் தங்கம்தானே. மெருகு போடக் கொடுத்த கம்மல் அரை கிராம் குறைந்து வந்த வயிற்றெரிச்சல் இன்னும் அவளுக்கு ஆறவில்லை. நல்லதை உருவிக்கொண்டு ஓட்டையைச் சொருகினால் யாருக்குத் தெரியும்?

எழிலன் கை கழுவ அடிபம்புக்குப் போனான். மலர்க்கொடி மகளுடைய நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். தங்கத்தில்தானே கை வைப்பான்? ஓரத்துப் பற்களின் மேலேயே ரோஸ் கலரில் ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்தாள்.

சாயங்காலம் அவன் திரும்பி வந்ததும் முதலில் பொட்டைத்தான் தேடினாள். இருந்தது. நம்ம பீசுதான்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் சொருகி, எழிலன் சுவிட்சைப் போட்டான்.

கீ... கீ... கீ...

பெட்டி கத்தியதே தவிர, திரை கறுப்பாகவே இருந்தது.

வேலை முடிந்து வந்திருந்த கார்குழலியின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாண்ணே இது? காலையில நின்னு நின்னாவது ஓடிச்சு. இப்ப சுத்தமா பூட்ச்சா?"

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு எல்சி உதட்டைப் பிதுக்கினாள். "நாளைக்கு எங்க வூட்டுக்கு இவரைத்தான் வரச் சொல்லியிருந்தேன். நல்லவேளை, இப்பவே பாத்துட்டேன்."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றாள் மலர்க்கொடி. "எடுத்துனு போகச் சொல்லவே அரைமனசுதான்."

எழிலன் பழைய பட்டையை உருவி டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தான். பிறகு மலர்க்கொடியின் கட்டைவிரலில் ஒட்டியிருந்த ரோஸ் கறையைப் பார்த்தான். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பென்சில் அழிக்கிற ரப்பர் கீதாம்மா?" என்று கார்குழலியிடம் கேட்டான்.

எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ சுரண்டினான், தேய்த்தான், ஊதினான். மறுபடி சொருகி சுவிட்சைப் போட்டான். ஒரே ஒரு கீ. திரையில் எழுத்து ஓடியது.

"இன்னாண்ணே ஆச்சு?"

"என் தப்புதாம்மா. வேர்வைக் கையோட புடிச்சிட்டேன். நீ வேலையைப் பாரு, இனிமே நிக்காது."

"கையைக் கூடத் துடைக்காத மெக்கானிக்கு," என்று எல்சி முணுமுணுத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அவன் மலர்க்கொடியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "அடுத்த தபா அடையாளம் வெச்சா மேல சீட்டு ஒட்டியிருக்குல்ல, அதுல வைங்க்கா. பல்லுல வெச்சா கரண்டு போவாது."

அவன் சைக்கிள் தெருமுனை தாண்டும் வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

அவள் உள்ளே வந்ததும் எல்சி கேட்டாள். "ஏங்க்கா, உன் கண்ணு முன்னாடிதான வேலை செஞ்சாரு? நீ சொல்லு. அந்தாளை வூட்டுக்குள்ள வுடலாமா, வேணாமா?"

கார்குழலி டைப் அடிப்பதை நிறுத்தி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மலர்க்கொடி காலையில் எடுத்த நகப்பாலிஷ் பாட்டிலைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எதுக்கும் நீ வேற ஆளைப் பாரு எல்சி."