அசல் யாருக்கு?

அன்று நாற்காலி வாடகைக் கடைக் கணினியில் இருந்தவர்கள்: மின்னஞ்சல் சர்வர், அதன் அஞ்சல் பெட்டிகளான விற்பனைப் பெட்டி, கணக்குப் பெட்டி, கிடங்குப் பெட்டி. ஆக நால்வர்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு இருநூறு நாற்காலி கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. சர்வர் அதை மூன்று பெட்டிகளிலும் போட்டது.

"அசலை அந்த விற்பனைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு நகலா அண்ணே?" என்று பொருமியது கணக்குப் பெட்டி.

"மூன்றும் ஒன்றுதான் தாயே."

"யாருக்குக் காது குத்துகிறீர்கள்? அசல் வைத்திருப்பவளே வேலையைப் பார்க்கட்டும்!" என்று தன்னுடையதை அழித்துவிட்டது.

விற்பனைப் பெட்டிக்கோ, சர்வருக்குக் கணக்குப் பெட்டி மேல்தான் பாசம் என்று எரிச்சல். அதுவும் அழித்தது. "எனக்குக் கடைசியாகத்தானே கொடுத்தீர்கள்" என்று கிடங்குப் பெட்டியும் அழித்தது.

ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் நின்றபடியே தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். கடையின் கிடங்கில் மிச்சம் இருந்த நாற்காலிகள் இருநூறு.