படுத்த பக்கம்

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைப் பார்த்த அந்தப் பழைய ஓட்டலில்தான் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் தங்குவோம். கட்டிலில் ஜன்னல் பக்கம் என் கணவர் லார்னுக்கு, கதவுப் பக்கம் எனக்கு. "நீ படுத்தா மெத்தைக்கே தெரியாதுடி" என்று சீண்டுவார். மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். இந்த வருஷம் நான் மட்டும் வந்தேன்.

அங்கே சாயங்காலம் பணிப்பெண் வந்து போர்வையின் ஓரத்தை மடித்து, தலையணையில் சாக்லேட் வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள், மத்தியானம் நான் கொஞ்ச நேரம் படுத்திருந்த கதவுப் பக்கம் மட்டும் மடித்திருந்தது. மறுநாள் இரண்டு பக்கமும்.

பணிப்பெண் ரொசாரியோவைக் கூப்பிட்டு, "நான் ஒருத்திதாம்மா இருக்கேன்" என்றேன்.

"படுத்த பக்கத்தத்தான் மடிப்போம், மேடம். காலைல பாத்தப்ப ரெண்டு பக்கமும் கசங்கியிருந்துச்சு."

அன்று படுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கையை நீட்டினேன். விரிப்பு சில்லென்று கிடந்தது. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஜன்னல் பக்கம் மட்டும் மடித்திருந்தது.

"என் பக்கம்?" என்று கேட்டேன்.

"அங்க யாரும் படுக்கலையே, மேடம். நான் இழுத்துச் செருகின விரிப்பு அப்படியே இருந்துச்சு. நீங்க மாறிட்டீங்கன்னு நெனச்சேன்."

அன்றும் என் பக்கத்தில்தான் படுத்தேன். காலையில் எழுந்து திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் பெரிய உடம்பு கிடந்த பள்ளம். என் பக்கத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

முழங்காலிட்டு, என் பக்கத்து மெத்தையை இரண்டு கையாலும் அழுத்தினேன். அது அமுங்கவில்லை.